ஏக்கருக்கு எத்தனை லிட்டர்?

குருவிகுளத்துப் பக்கம் ஒரு ஏக்கர் கரிசல் காட்டை ஒரே ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்தெடுத்து எடை போட முடிந்தால், ஏறக்குறைய ஐம்பது டன் வரும். கணக்கு எளியது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் கனம் என்றால் 40 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் மண் 1.2 முதல் 1.3 டன் வரை இருக்கும். ஒன்பது கொத்துக் கலப்பை நாலு அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டர், இறங்கி ஓடினால் டிராக்டர் ஐந்நூறு டன் மண்ணை அசைத்துப் போட்டிருக்கிறது என்று பொருள். ஓட்டுபவர் லிவரைக் கொஞ்சம் கீழே தள்ளி இன்னும் ஒரு அங்குலம் இறக்கிவிட்டால், கூடுதலாக 125 டன். அவருடைய கைக்கு அது தெரியாது. டீசல் டேங்குக்குத் தெரியும்.

உழவில் எரிபொருளைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தால் உடனே என்ஜினைப் பற்றிய பேச்சாக அது மாறிவிடுகிறது. எந்தக் கம்பெனி வண்டி நல்ல மைலேஜ், எத்தனை குதிரைத்திறன், எந்த வருடத்து மாடல் என்று. அவையும் முக்கியம்தான். ஆனால் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலை, கோவில்பட்டி என்று விரிந்து கிடக்கும் இந்த மானாவாரிக் கரிசல் பூமியில், டீசல் கணக்கை முதலில் தீர்மானிப்பது என்ஜின் அல்ல, மண். எந்த நாளில் உழுகிறோம், எத்தனை அங்குலம் உழுகிறோம், எத்தனை தடவை உழுகிறோம் என்ற மூன்றும் சரியாக அமைந்த பிறகுதான் வண்டியைப் பற்றிப் பேசுவதில் பயன் உண்டு.

இயற்பியல் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. உழுவதற்குத் தேவையான வேலை என்பது, அசைக்கும் மண்ணின் கன அளவையும் அந்த மண் காட்டும் எதிர்ப்பையும் பெருக்கினால் வருவது. கரிசல் மண் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்துக்கு ஐந்து நியூட்டன் விசையோடு எதிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். களிமண் நிலத்துக்கு இது பொருந்தக்கூடிய அளவுதான். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு ஏக்கரை உழுது முடிக்க 20 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குள் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அப்படியானால் அரை லிட்டருக்குச் சற்று மேல் போட்டாலே ஒரு ஏக்கர் முடிந்துவிட வேண்டும்.

ஆனால் நடைமுறையில் மூன்று லிட்டருக்குக் குறைந்து ஒரு ஏக்கர் கரிசலை உழுவது அரிது. மீதி எங்கே போகிறது?

முதல் பெரிய கசிவு என்ஜினுக்குள்ளேயே நடக்கிறது. டீசல் எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சுழலும் தண்டுக்கு வருகிறது, அதுவும் என்ஜின் நன்றாகப் பாரம் ஏற்று ஓடும்போது. மற்றது சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றில் கலக்கிறது. வெப்பத்தை இயக்கமாக மாற்றும் எந்த இயந்திரமும் இந்த வரியைக் கட்டியே தீர வேண்டும். கியர் பெட்டியும் அச்சும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. பிறகு டயர் மண்ணைத் தொடும் இடத்தில் அடுத்த பெரிய இழப்பு. இறுக்கமான தரையில் சக்கரத்துக்கு வந்த ஆற்றலில் எழுபது எழுபத்தைந்து சதவீதம் இழுவையாக மாறும். ஏற்கெனவே உழுது பொலபொலவென்று கிடக்கும் மண்ணில் அது ஐம்பது அறுபதாக இறங்கிவிடும். எல்லாம் கழிந்து கலப்பையின் கொழு முனைக்கு லிட்டருக்கு ஆறேழு மெகாஜூல் வந்து சேர்ந்தால் நல்லது. இருபதை ஆறரையால் வகுத்தால் மூன்று லிட்டர். கணக்கு சரியாகிவிட்டது.

மாட்டு ஏரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாட்டுக் கலப்பையில் சாலுக்குச் சால் இருபது சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒருமுறை உழுது முடிக்க ஒரு சோடிக் காளையும் பின்னால் போகும் மனிதரும் இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும். எழுபது கிலோ எடைக்குச் சமமான விசையில் காளைகள் இழுத்தால் செய்யப்படும் மொத்த வேலை 14 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலின் வெப்பத்தில் பாதிகூட இல்லை. காளைகளும் தின்ற தீவனத்தில் சிறு பங்கைத்தான் இழுவையாக மாற்றுகின்றன, அதனால் இதைப் பழமையின் பெருமையாகச் சொல்லவில்லை. உழவு என்ற வேலை, அடிப்படையில், அவ்வளவு பெரிய ஆற்றலைக் கேட்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தேவைக்கும் செலவுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் சேமிப்புக்கு இடம் இருக்கிறது.

இனி மண்ணுக்கு வருவோம். கரிசலின் குணத்துக்குக் காரணம் அதிலுள்ள ஒருவகைக் களிமண் தாது. பிரான்சில் மாண்ட்மோரில்லான் என்ற ஊரில் கண்டெடுத்ததால் அதற்கு மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் அளவே கனமுள்ள மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த தாது அது. தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். தண்ணீர் வெளியேறினால் அடுக்குகள் நெருங்கும், மண் சுருங்கும். சித்திரை வெயிலில் காடு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது இதனால்தான். அந்த வெடிப்புகள் ஆள் இடுப்பளவு ஆழத்துக்கும் இறங்கும். மேல் மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுகிறது, அடுத்த மழையில் உப்பி மேலெழுகிறது. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று மண்ணியலாளர்கள் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

அதே தாதுதான் உழவனுக்குத் தொல்லையும் கொடுக்கிறது. மண் காயக் காய, துகள்களுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் மெலிந்து, அவற்றை ஒன்றோடொன்று இறுக்கி இழுக்கிறது. முழுக்கக் காய்ந்த கரிசல் கட்டி செங்கல்லுக்குச் சளைத்ததல்ல. ஈரம் மிகுந்தால் வேறு சிக்கல்: மண் கொழுவில் அப்பிக்கொள்ளும், டயரின் பட்டைகளுக்குள் அடைத்துக்கொள்ளும், சக்கரம் வழுக்கும். மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே கூலோம்ப்தான் 1776-ல் மண்ணின் வலிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர். துகள்களின் ஒட்டுறவு ஒன்று, உராய்வு மற்றொன்று. காய்ந்த கரிசலில் ஒட்டுறவு மலைபோல் ஏறுகிறது. நனைந்த கரிசலில் அது இறங்கினாலும் இரும்போடு ஒட்டும் குணம் ஏறிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, மண் தன் வெடிப்புக் கோடுகளின் வழியே தானாக உதிரத் தயாராக நிற்கும் சில நாட்கள் இருக்கின்றன. அதைத்தான் ‘பதம்’ என்கிறார்கள். பதத்தில் உழுதால் மண்ணின் எதிர்ப்பும் குறைவு, கட்டியும் பெயராது, மறு உழவுக்கும் வேலை குறையும்.

பதத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-ல் வகுத்த முறையிலிருந்து வந்தது. உழப்போகும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். மேல் மண்ணை எடுத்தால் ஏமாந்துவிடுவோம், அது எப்போதும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதை உள்ளங்கையில் வைத்து மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரி போல் உருட்டிப் பார்க்க வேண்டும். அறுபடாமல் திரி வந்தால் ஈரம் அதிகம், இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். திரி வராமல் துண்டு துண்டாக உதிர்ந்தால், அதேசமயம் கட்டி கட்டைவிரல் அழுத்தத்தில் உடைந்தால், வண்டியை இறக்கலாம். வயதான சம்சாரிகள் மண்ணை மிதித்துப் பார்த்தே இதைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அறிவு குறைந்து வரும் இடத்தில் இந்தத் திரிச் சோதனை கை கொடுக்கும்.

பிரச்சினை என்னவென்றால், ஊர் முழுக்க ஒரே சமயத்தில்தான் பதம் வரும். வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை பெய்ததும் எல்லோருக்கும் டிராக்டர் வேண்டும். வண்டி கிடைத்த நாளில் உழுவதா, மண் பதப்பட்ட நாளில் உழுவதா என்றால் பெரும்பாலும் முன்னதுதான் நடக்கிறது. இந்த நெருக்கடியை உடைக்க வழி, உழவை மழைக்குப் பின்னாலிருந்து மழைக்கு முன்னால் நகர்த்துவது. 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே பரிந்துரைத்து வரும் முறைகளில் பருவத்துக்கு முந்திய விதைப்பு முக்கியமானது. கோடை மழை ஈரத்தில் உழுது வைத்து, பருவமழை தொடங்குவதற்கு முன்பே காய்ந்த மண்ணில், கடினப்படுத்திய விதையைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடுவது. சாரலில் அது முளைக்காது. முளைக்கப் போதுமான மழை இறங்கினால்தான் முளைக்கும். பயிர் முதல் மழையை வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக வந்த முறை இது. டீசல் கணக்கிலும் இதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஐப்பசிச் சேற்றில் சக்கரம் சுழல அடித்துக்கொண்டு உழும் அவசரம் இல்லாமல் போகிறது.

கோடை உழவில் பெயரும் பெரிய கட்டிகளைப் பார்த்துப் பலருக்கும் மனசு கேட்பதில்லை. உடனே ரோட்டவேட்டரைக் கொண்டுவந்து மாவாக்கிவிட நினைக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கோடையில் கரிசல் கட்டியை டீசல் போட்டு உடைப்பது தேவையில்லாத செலவு. காய்ந்து நனைந்து, மறுபடி காய்ந்து நனையும்போது அந்தக் கட்டி தன் உள்ளிருக்கும் தாதுவாலேயே விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். இரண்டு கோடை மழை செய்து முடிக்கும் வேலை அது. மேலும், கட்டிகளோடு கிடக்கும் நிலம் மழைநீரை ஓடவிடாமல் நிறுத்தும். மாவாக அரைத்த நிலம் முதல் மழையிலேயே மேற்பரப்பு மூடிக்கொண்டு தண்ணீரை வழியவிடும்.

ரோட்டவேட்டரையே ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு ஆற்றல் சக்கரம் வழியாகப் போகாமல் தண்டு வழியாக நேரே கத்திக்குப் போகிறது. அதனால் சக்கரம் வழுக்கும் இழப்பு குறைவு, கத்திகள் வண்டியைக் கொஞ்சம் முன்னேயும் தள்ளும். இரண்டு மூன்று சால் ஓட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஓட்டத்தில் விதைப் படுக்கை தயாராகும் என்றால் மொத்தத்தில் அது லாபமாகவும் இருக்கலாம். ஆனால் கொத்துக் கலப்பையை மூன்று தடவை ஓட்டிவிட்டு அதற்கு மேல் ரோட்டவேட்டரும் ஓட்டுவது இரட்டைச் செலவு.

ஆழத்தைப் பற்றி இன்னொரு செய்தி. கலப்பையின் கொழு ஓரளவு ஆழம் வரை மண்ணை முன்னும் மேலுமாகத் தூக்கி உடைக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் மண் மேலே எழுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நசுங்குகிறது. இங்கிலாந்தில் ஸ்பூர், காட்வின் என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த எல்லை ஆழத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். மண் ஈரமாக இருந்தால் இந்த எல்லை மேலே வந்துவிடும். ஆக, ஈர மண்ணில் ஆழமாக அமுக்கி ஓட்டுபவர் கூடுதல் டீசலைக் கொடுத்து, மண்ணை உடைப்பதற்குப் பதிலாக அடியில் இறுக்கிவிட்டு வருகிறார். அந்த இறுக்கத்தைப் பிறகு உடைக்க உளிக் கலப்பை தேவைப்படும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக் கலப்பை என்பது பொதுவான பரிந்துரை. ஆழமாக வெடிக்கும் கரிசலில் வெடிப்புகளே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுவதால், ஓட்டுவதற்கு முன் நிலம் நனைந்திருக்கும்போது ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்ப்பது நல்லது. ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் கம்பி தடைபட்டால் அடியில் இறுகிய அடுக்கு இருக்கிறது. வழுவழுவென்று இறங்கிக்கொண்டே போனால் உளிக் கலப்பைக்கு இங்கே வேலை இல்லை.

அப்படியானால் உழாமலே விதைக்கலாமா? காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுகிறார்கள். ஒரு சொட்டு டீசல் இல்லாமல் ஒரு பயிர் வந்துவிடுகிறது. அது அங்குள்ள நெல் வயலின் சேற்று ஈரத்தால் நடப்பது. குருவிகுளத்துப் புஞ்சையில் அந்த ஈரம் இல்லை, கோரையும் அருகும் உழாமல் அடங்குவதும் இல்லை. இங்கே செய்யக்கூடியது, உழவைக் கைவிடுவது அல்ல, ஓட்டங்களைக் குறைப்பது. கடைசி உழவையும் விதைப்பையும் கொத்துக் கலப்பையில் பொருத்திய விதைப்பானால் ஒரே ஓட்டத்தில் முடிப்பது அதில் ஒன்று. ஏக்கருக்கு ஒரு ஓட்டம் குறைந்தால் மூன்று லிட்டர் மிச்சம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மண்ணைச் சொல்லி முடித்தாயிற்று, இனி சக்கரம். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தார். அதுவரை கலப்பை டிராக்டருக்குப் பின்னால் வண்டி போல் இழுபட்டுக்கொண்டு வந்தது. பிடிப்புக்காக டிராக்டரையே பாரமாகச் செய்ய வேண்டியிருந்தது. ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பொருத்தி, மண்ணின் எதிர்ப்பு கூடும்போது ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைச் சற்றே தூக்கும்படி அமைத்தார். தூக்கும்போது கலப்பையின் எடையும் அதன் மேல் அழுத்தும் மண்ணின் எடையும் பின் சக்கரத்துக்கு மாறுகின்றன. வண்டியின் எடை கூடாமலே பிடிப்பு கூடுகிறது. 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் இது வந்தது, இன்று உலகத்தின் ஏறக்குறைய எல்லா டிராக்டர்களிலும் இருக்கிறது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரிக்கும் மாஸே ஃபெர்குசனில் பாதிப் பெயர் அவருடையது. ஆனாலும் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு லிவர்களில் ஆழத்தை நிலையாக வைக்கும் லிவரை மட்டுமே பயன்படுத்தி, இழுவையைக் கவனிக்கும் மற்றதைத் தொடாமலே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கரிசலும் சுக்கானும் கலந்து கிடக்கும் காடுகளில் இரண்டாவது லிவரே அதிகம் உதவும்.

சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதைச் சுண்ணாம்புக்கட்டியும் அளவு நாடாவும் வைத்து அளந்துவிடலாம். பின் டயரில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே நிலத்தில் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே பத்துச் சுற்று. முதலில் நாற்பது மீட்டரும் இரண்டாவதில் முப்பத்தைந்து மீட்டரும் வந்தால் வழுக்கல் பன்னிரண்டரை சதவீதம். பத்திலிருந்து பதினைந்து வரை இருந்தால் சரி. முப்பது வந்தால் பத்து லிட்டரில் மூன்று லிட்டர் கிட்டத்தட்டப் புழுதி கிளப்பவே போகிறது. அப்போது பின் சக்கரத்துக்கு எடை சேர்க்க வேண்டும், டயருக்குள் தண்ணீர் நிரப்பலாம், அல்லது ஆழத்தைக் குறைக்கலாம். வழுக்கல் ஐந்துக்கும் கீழே என்றால் வண்டி தேவைக்கு மேல் பாரமாக இருக்கிறது, அந்தப் பாரத்தைச் சுமக்கவே டீசல் போகும், மண்ணும் இறுகும். டயர் காற்று இன்னொரு விஷயம். அதே வண்டி டிரெய்லரும் இழுப்பதால் சாலைக்கு ஏற்றபடி காற்றைக் கெட்டியாக ஏற்றி வைத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்குவது வழக்கம். டயர் நிறுவனம் வயலுக்கென்று சொல்லும் குறைந்த அழுத்தத்தில் டயரின் தடம் நீளும், பிடிப்பு கூடும்.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் காசு செலவில்லாதது. இலேசான வேலைக்குப் பெரிய கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டும். என்ஜின் வேகமாகச் சுழலச் சுழல உள் உராய்வுக்கும் விசிறிக்கும் பம்புக்கும் போகும் ஆற்றல் கூடுகிறது. அதே நடை வேகத்தை மெதுவான சுழற்சியில் பெற்றால் அந்தப் பங்கு மிச்சம். கரும்புகை வந்தாலோ, மிதித்ததும் வேகம் பிடிக்காமல் திணறினாலோ ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். ரோட்டவேட்டருக்கு இது பொருந்தாது, அதன் தண்டுக்குக் குறிப்பிட்ட சுழற்சி வேண்டும். காற்று வடிகட்டி, தேய்ந்த கொழு இவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதற்கு வாடகை முறை ஒரு காரணம். இங்கே பெரும்பாலான சம்சாரிகளிடம் சொந்த டிராக்டர் இல்லை. தனியாரிடமோ, வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ மணிக் கணக்கில் எடுக்கிறார்கள். மணி வாடகையில் டீசல் வண்டிக்காரருடையது, நேரம் சம்சாரியுடையது. “தம்பி, கொடுக்கிற காசுக்கு இன்னும் கொஞ்சம் அமுக்கி விடுப்பா” என்பார் சம்சாரி. “அண்ணாச்சி, இதுக்கு மேல விட்டா வண்டி இழுக்காது” என்பார் ஓட்டுபவர். ஏக்கர் கணக்கு வாடகையானால் கதை தலைகீழாகும், வண்டிக்காரர் மேலாகக் கீறிக்கொண்டு வேகமாக முடிக்கப் பார்ப்பார். ஆழமும் ஓட்டங்களின் எண்ணிக்கையும் முன்கூட்டியே பேசி, சாலில் ஒரு குச்சியை நட்டு அளந்து பார்த்துக்கொள்வது இருவருக்கும் நியாயமான வழி.

டீசலை அளக்கவும் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அளந்து வைத்த நிலத்தை உழுதுவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தி, அளவு குறித்த குவளையால் மறுபடி விளிம்பு வரை ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவுதான் செலவான டீசல். ஒரே காட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வழக்கமான ஆழத்திலும் மறு பாதியை ஒரு அங்குலம் குறைத்தும் உழுதால், அந்த 125 டன் மண்ணின் விலை எத்தனை மில்லிலிட்டர் என்று குவளையிலேயே தெரிந்துவிடும். அறுவடையில் இரண்டு பாதியின் விளைச்சலையும் தனித்தனியாக எடை போட்டால், அந்த அங்குலம் தேவைப்பட்டதா என்பதும் தெரியும்.